காசிமேட்டில் கலப்பத்து: போர்டு இல்லாத ஒரு மரப்படகுப் பட்டறை

ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட காசிமேட்டில் பத்தடிக்கு ஓர் ஆள் கிடைப்பார். இரும்புப் படகுக்கு வெல்டர் கிடைப்பார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சு அடித்துத் தண்ணீர் வராமல் அடைக்கிற கலப்பத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப யாரு பண்றா" என்று திரும்பிக்கொள்வார்கள். பண்ணுகிறவர் ஒருவர் இருக்கிறார். மீன்பிடித் துறைமுகத்துக்குள், படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது, ரசீது கிடையாது, போன் அடித்தால் பெரும்பாலும் எடுப்பதும் கிடையாது. பெயரையும் நம்பரையும் நெட்டில் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் மேஸ்திரி என்றே எழுதுகிறேன். மரப்படகு கலப்பத்து மேஸ்திரி எங்கே என்று வலை பின்னுகிறவர்களிடம் விசாரித்தால் கையைக் காட்டுவார்கள்.

எங்கள் பழைய பாய்மரப் படகை அவரிடம் விட்டு எடுத்தோம். அடைக்கும் வேலைக்கு அவரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெயின்ட் வேலைக்குச் சொல்ல மாட்டேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படகு என் மாமனாருடையது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 18 அடி நீளம், முக்கால் அங்குலத் தேக்குப் பலகை. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து, உள்ளே வங்குகளோடு, அதாவது விலா எலும்பு மாதிரி வளைந்த குறுக்குச் சட்டங்களோடு, செப்பு ஆணி அடித்து இறுக்கியது. ஏராவை, அதாவது படகின் முதுகெலும்பு மாதிரி அடியில் நீளவாக்கில் ஓடும் மரத்தை, ஒட்டிய இடத்தில் மட்டும் யாரோ ஒரு காலத்தில் இரும்பு ஆணி அடித்திருக்கிறார்கள். படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் கீழே இறக்கி ஏற்றுகிற பலகை, அதற்கு ஒரு பெட்டி. சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகு ஓட்டுவது புதுப் பழக்கம் இல்லை. துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் இப்போது அங்கே போகிறவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் ஃபைபர். மரத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது எங்களைப் போன்ற சிலர்தான்.

இரண்டு வருடமாகவே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. காலையில் கட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் கணுக்கால் அளவு நிற்கும். முதல் கேள்வி, இது கடல் தண்ணீரா, மேல்தட்டு வழியாக இறங்கிய மழைத் தண்ணீரா என்பது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவள். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் குளோரைடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் மாமா விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டார். "உப்பும்மா," என்றார். அத்தோடு மேல்தட்டு தப்பித்தது, அடிப்பலகை மாட்டிக்கொண்டது.

மேஸ்திரியிடம் போவதற்கு முன் வேறொரு இடத்தில் காட்டியிருந்தோம். ஃபைபர் வேலை பார்க்கும் இடம், பெயர் வேண்டாம். அவர்கள் வெளியே தெரிந்த இடுக்குகள் எல்லாவற்றிலும் ரெசினை ஊற்றி, மேலே கண்ணாடி இழை நாடாவை ஒட்டி, பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார்கள். பார்க்க அம்சமாக இருந்தது. கொஞ்ச நாள் தண்ணீரும் நின்றது. அப்புறம் முன்பைவிட அதிகமாக வந்தது. அந்த நாடாவின் ஓரத்தை மேஸ்திரி நகத்தால் நெம்பினார். உரித்த வாழைநார் மாதிரி முழ நீளத்துக்குக் கையோடு வந்தது. உள்ளே கறுப்புத் தண்ணீர்.

"இத்த யாரு சார் பண்ணது?" என்று மாமாவைக் கேட்டார். மாமா வானத்தைப் பார்த்தார்.

"மரம் ஊதும் சார். இது ஊதாது. அப்ப இன்னா ஆவும்? ஒண்ணு இது பிச்சிக்கினு வரும். இல்லன்னா பலக வங்கப் போட்டு ஒடிக்கும்."

இதைவிடச் சுருக்கமாக என்னால் வகுப்பில் சொல்ல முடியாது. மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் உப்பும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக உப்பும், இருந்தாலும் உப்பும். ஆறு அங்குல அகலப் பலகை காய்ந்த நிலையிலிருந்து ஊறிய நிலைக்குப் போனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரியும். பத்துப் பன்னிரண்டு பலகை அடுக்கிய பக்கத்தில் இதைக் கூட்டிப் பாருங்கள். அந்த விரிவுக்கு இடம் கொடுக்கத்தான் இடுக்கில் பஞ்சும் இளகிய புட்டியும் வைக்கிறார்கள். பலகை உப்பும்போது பஞ்சை நசுக்கும், புட்டி கொஞ்சம் வெளியே பிதுங்கும், தண்ணீர் நின்றுபோகும். அந்த இடத்தில் கல்லாக இறுகுகிற எதை வைத்தாலும் பலகைக்கு நகர வழியில்லை. ஃபைபர் படகுக்கு ரெசின் அருமையான சாமான். விளிம்போடு விளிம்பு சேர்த்த மரப்படகின் இடுக்குக்கு அது விரோதி.

நாங்கள் முதலில் போனது மே மாதம், கத்திரி வெயிலில். மேஸ்திரி படகைத் தொட மறுத்துவிட்டார். "இப்ப வாயத் தொறந்துகினு கெடக்குது. எவ்ளோ பஞ்சு குட்தாலும் துன்னும். அப்பால தண்ணில எறக்குனா வெடிக்கும். பொங்கலு போய் கொண்டாங்க." இது அவர் தட்டிக்கழிக்கிற பேச்சு என்று எனக்குப் பட்டது. கொஞ்சம் அதுவும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் காசிமேட்டில் எல்லாப் படகும் கரையேறி மராமத்துக்கு நிற்கும். எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் சொன்ன காரணமும் முழுக்கச் சரி. எலும்பாகக் காய்ந்த மரத்தில் இறுக்கி அடித்தால், ஊறிய பிறகு பலகைகள் ஒன்றையொன்று தள்ளி ஆணியைப் பிடுங்கும், வங்கைக்கூட முறிக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்தபின் மரம் அதிக ஈரமும் இல்லாமல் அதிகக் காய்ச்சலும் இல்லாமல் இருக்கும். அதுவரைக்கும் நிழலில் வைத்து ஈரச் சாக்குப் போட்டு மூடச் சொன்னார். நாள்தோறும் சாக்கை நனைத்தது மாமா.

தை மாதம் கொண்டுபோனபோது அவர் முதலில் செய்தது எனக்குப் பிடித்தது. உளியைத் தொடவே இல்லை. படகை ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, உள்ளே குடம் குடமாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நாலு விரல் உயரம், அதற்கு மேல் வேண்டாம், பாரம் தாங்காது. அப்புறம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு படகுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துவிட்டார். உள்ளேயிருந்து வெளியே எங்கே கசிகிறதோ, வெளியேயிருந்து உள்ளே வருவதும் அங்கேதான். கசிந்த இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு. நடுப்பலகைப் பெட்டிதான் வில்லன் என்று மாமா, நான், துறைமுகத்தில் வந்து பார்த்த எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். பெட்டியின் ஓரம் தூசு தும்போடு காய்ந்து கிடந்தது. சாக்பீஸ் கோடுகள் ஏராவை ஒட்டிய முதல் பலகையிலும், அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், ஏரா இரண்டு துண்டாகச் சேரும் இணைப்பிலும் குவிந்திருந்தன. மேலே இருந்த இடுக்குகளில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. அந்த ஃபைபர்காரர்கள் ரெசின் ஊற்றியது முக்கால்வாசி மேல் இடுக்குகளில்தான்.

அடுத்து கோணி ஊசி. ஏராவோரம் பலகையை ஓர் அங்குலத்துக்கு ஒரு குத்தாகக் குத்திக்கொண்டே போனார். நல்ல தேக்கில் ஊசி முனை நிற்கும், கையில் உறைக்கும். இரும்பு ஆணி இருந்த இடங்களில் ஊசி சத்தமில்லாமல் உள்ளே போனது. ஆணியைச் சுற்றிக் காசு அகலத்துக்கு மரம் கறுத்திருந்தது. "பலக நல்லாத்தான் கீது டீச்சரம்மா. ஆணிதான் பூட்ச்சு." உப்புத் தண்ணீரில் இரும்பு துருவேறும்போது சுற்றியுள்ள மரத்தையும் சேர்த்து அரிக்கும். ஆணி மெலிந்ததும் பலகை வங்கை விட்டு ஒரு நூல் விலகும். விலகிய பலகையில் எவ்வளவு பஞ்சு அடித்தாலும் அது இன்னும் விலகுமே தவிர இறுகாது. ஆகவே முதலில் ஆணி, அப்புறம்தான் பஞ்சு.

ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டுவிடலாமா, பாரிமுனையில் எளிதாகக் கிடைக்குமே என்று மாமா கேட்டார். "தண்ணிக்கு மேல போடுங்க. கீழ வேணாம்" என்றார் மேஸ்திரி. ஏன் என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு தோலால். அந்தத் தோல் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். நனைந்த மரத்துக்குள் காற்று போகாத இடத்தில் உப்பும் சேர்ந்தால் அது வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே குழி விழும். செம்பு ஆணி தேடி செம்புதாஸ் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடைத்தது, விலை கண்ணைக் கட்டியது. பழைய ஓட்டைகளை மரக்கட்டை அடித்து அடைத்து, பக்கத்தில் புது ஓட்டை போட்டு, செம்பு ஆணியை உள்ளே வளையத்தோடு முடக்கி அடித்தார். ஒருவர் வெளியே இரும்புக் கட்டையை அண்டக் கொடுக்க, ஒருவர் உள்ளே குனிந்து தட்ட வேண்டும். வெளியே அண்டக் கொடுத்தது அவர் மகன். அவன் மற்ற நாளில் ஃபைபர் வேலைக்குப் போகிறான், அதில்தான் தினமும் வேலை இருக்கிறதாம்.

இனி இந்தப் பட்டறைக்கு நீங்கள் எதற்காகப் போக வேண்டுமோ அந்த இடம்.

பழைய சரக்கை வெளியே எடுக்க மகன் கிரைண்டரோடு வந்தான். மேஸ்திரி அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டார். கிரைண்டர் ஒரு கணம் சறுக்கினாலும் பலகை விளிம்பைத் தின்றுவிடும், அப்புறம் அந்த இடுக்கு ஆயுசுக்கும் அகலம்தான். தேய்ந்துபோன அரத்தைக் காய்ச்சி முனையைக் கொக்கியாக வளைத்து வைத்திருக்கிறார். அதை இடுக்கில் மாட்டித் தன் பக்கமாக இழுத்தால் பழைய புட்டியும் மக்கிய பஞ்சும் சுருள் சுருளாக வரும். ரெசின் ஊற்றியிருந்த இடத்தில் மட்டும் வராது. அங்கே ஹீட் கன்னால் சூடு காட்டி, இளகியதும் சுரண்டினார். இந்த ஒரு வேலைக்கே மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் போனது. எங்கள் கூலியில் பெரும் பங்கு முன்பு செய்த வேலையைக் கழற்றுவதற்குத்தான் போயிற்று என்று சொன்னால் மிகையில்லை.

சுத்தம் செய்தபின் இடுக்கைப் பார்த்தால், உள்பக்கம் இரண்டு பலகையும் ஒட்டியிருக்கும், வெளிப்பக்கம் மட்டும் ஒரு நெல் போகிற அளவு திறந்திருக்கும். இந்த ஆப்பு வடிவம்தான் பஞ்சைப் பிடித்து வைக்கிறது. உள்பக்கமும் திறந்திருந்தால் அடிக்கிற பஞ்சு படகுக்குள் போய் விழும். பச்சை மரத்தில் முதலில் ஆளிவிதை எண்ணெய் கலந்த மெல்லிய பெயின்டை ஒரு ஓட்டு ஓட்டினார். இல்லாவிட்டால் புட்டியில் இருக்கிற எண்ணெயை மரம் உறிஞ்சிவிடும், புட்டி உதிரும்.

பஞ்சைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டித் திரியாக்கினார். இடுக்கு குறுகலாக இருக்கும் இடத்தில் ஒற்றைத் திரி, அகலமான இடத்தில் அதே திரியைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்து உள்ளே செருகுவது. மெல்லிய உளியால் முதலில் செருகல். அப்புறம் சற்று அகலமான உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டு. இந்த இடத்தில் மாமா ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், நானும் விடைத்தாள் கட்டை மூடிவிட்டேன். முதல் தட்டில் 'டொப்' என்று மந்தமாக வரும். பஞ்சு இறுக இறுகச் சத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் 'டக்' என்று மரத்துக்கே அடித்த மாதிரி கேட்கும். அந்த 'டக்' வந்ததும் அடுத்த அங்குலத்துக்கு நகர்ந்துவிடுவார். கண் இடுக்கில் இல்லை, டீக்கடைப் பையனோடு பேசிக்கொண்டேதான் அடிக்கிறார். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் ஏறவே இல்லை. நிறுத்தி, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பஞ்சை முழுக்கப் பிடுங்கி எறிந்தார். அங்கே வங்கில் ஒரு ஆணி விட்டுப்போயிருந்தது, அடிக்க அடிக்கப் பலகை அசைந்து கொடுத்திருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப அடித்தபோது ஒழுங்காக 'டக்' வந்தது.

புதிதாகப் பழகுகிறவர்கள் வெளுத்து வாங்குவார்களாம். பஞ்சைப் பலம் கொண்ட மட்டும் ஏற்றினால் பலகையைத் தள்ளிவிடும். இவர் பலகை கனத்தில் பாதிக்குச் சற்று மேல் பஞ்சு, மேலே ஒரு விரல்நகம் ஆழம் புட்டிக்கு என்று விட்டுக்கொண்டு போனார். மேல் இடுக்குகளில் பழைய பஞ்சு கெட்டியாக இருந்த இடங்களை அவர் தொடவே இல்லை. "கூலி வருதுன்னு நல்லத நோண்டக் கூடாது" என்றார். நாள் கூலிக்காரர் ஒருவர் இப்படிச் சொல்வது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் வீட்டு பிளம்பரிடம் இதைக் கேட்டதே இல்லை.

பஞ்சுக்கு மேல் மறுபடி ஒரு பெயின்ட், அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே புட்டி. புட்டிக்கு இரண்டு வழி சொன்னார். டியூபில் வரும் பாலியூரிதேன் வாங்கிக்கொண்டு வந்தால் அதைப் போடுவார், இல்லையென்றால் அவர் கையால் பிசைந்தது. பாலியூரிதேன் ரப்பர் மாதிரி இழுபடும், நன்றாகவே ஒட்டும். பிரச்சினை அந்த ஒட்டுதல்தான். நாலைந்து வருடம் கழித்து எடுக்கும்போது பலகை விளிம்பின் நாரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும், போடுகிறபோது மரமும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். நாங்கள் கைப்புட்டியே போதும் என்றோம். சாக் பவுடர், ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் சிவப்பு ஈயப் பொடி, தண்ணீருக்கு அடியில் வருவதற்கு மட்டும் கொழுப்பு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகும். கொழுப்பு சேர்த்தால் அது இளகியே இருக்கும். மீன்பிடிப் படகுக்கு அவர்கள் காலத்தில் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்களாம். குங்கிலியம் இப்போதும் ராசப்பா செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அங்கே வாங்குகிறவர்கள் சாம்பிராணியோடு சேர்த்துப் புகை போடத்தான் வாங்குகிறார்கள்.

புட்டியை மேல்மட்டத்துக்குச் சமமாக வழிக்காமல், கட்டைவிரலால் லேசாகக் குழித்து விட்டார். பலகை உப்பும்போது பிதுங்க இடம். பார்ப்பதற்கு அரைகுறையாகத் தெரியும். வழித்துத் தரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஏரா இணைப்பில் அவர் செய்தது தனி. இரண்டு மரத்துண்டு சேரும் இணைப்பு ஏராவின் குறுக்கே ஓடுகிறது. அதில் பஞ்சு அடிக்க முடியாது. வெளியே பலகை மூடியிருக்கும், ஆனால் தண்ணீர் இணைப்பின் வழியாகவே நடந்து உள்ளே வந்துவிடும். இதற்குப் பலகை விளிம்பு இணைப்பைக் கடக்கிற புள்ளியில் ஏராவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊடுருவிப் போகிற மாதிரி விரல் கனத்துக்கு ஓர் ஓட்டை போட்டு, அதில் மெத்தென்ற காய்ந்த மரத்தில் சீவிய உருட்டுக் குச்சியை அடிப்பார்கள். தண்ணீர் பட்டதும் குச்சி உப்பி வழியை மறிக்கும். எங்கள் படகில் அந்தக் குச்சி மக்கிச் சகதியாகியிருந்தது. அதைத் துருவி எடுத்துவிட்டுப் புதிது அடித்தார். வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. இரண்டு வருடம் எங்களைப் படுத்திய தண்ணீரில் பெரும்பகுதி இந்த வழியாக வந்திருக்கிறது என்பது மாமாவின் கணிப்பு.

இந்த ஊரில் பலகைப் படகு ஒழுகுவது புராணம் தொட்டு வருகிற கதை. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் மெட்ராஸில் கப்பல் கரையை விட்டுத் தள்ளிக் கடலில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகுகள். அதில் ஆணியே கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், தையலுக்கு அடியில் நாரை வைத்து அடைத்திருப்பார்கள். அலை தூக்கிப் போட்டால் ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்தது வளைந்து கொடுக்கும். அதற்கு விலை உள்ளே கசியும் தண்ணீர், அதை இறைக்க ஓர் ஆள் இருப்பார். மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "எங்க தாத்தா ஓட்டுனாரு" என்று மூன்று வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

இப்போது குறைகள்.

எண்ணெய் துடைத்த துணிகள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் குவித்து வெயிலில் போட்டால் அது ஆக்சிஜனோடு சேரும்போது வருகிற சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். இது பாடப்புத்தகத்தில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. கொட்டகையின் மூலையில் அப்படி ஒரு குவியல், பக்கத்தில் தின்னர் டப்பா, அவர் வாயில் பீடி. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து துணிகளைத் தண்ணீர் வாளியில் போட்டார், அதுவும் நான் இருக்கும்போது மட்டும் என்பது என் சந்தேகம். சிவப்பு ஈயத்தை வெறும் கையால் பிசைந்துவிட்டு அதே கையால் டீ குடிக்கிறார். கையுறை வாங்கிக் கொடுத்தேன், அது ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பெயின்ட் மோசம். வேலை முடித்த கையோடு நானே அடித்துத் தருகிறேன் என்றார். பிரஷ் மயிர் மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறது, நீர்க்கோடு அலையடிக்கிறது, மேலே வெள்ளையில் சிவப்புத் துளிகள். அடிப்பக்கம் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்கப் பூசும் பெயின்டை மட்டும் கனமாக நன்றாகவே அடித்திருக்கிறார். அது ஒழுங்காக இல்லாவிட்டால் கப்பல் புழு மரத்தைத் துளைத்துவிடும், துறைமுகத்து வெதுவெதுப்பான தண்ணீர் அதற்கு ரொம்ப வசதி. மேல் பெயின்டை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

சொன்ன தேதிக்கு முடியாது. "நாளைக்கு" என்றால் நாளன்றைக்குப் பிறகு. நடுவில் தெரிந்தவர் படகு அவசரம் என்று காணாமல் போய்விடுவார். பெண்கள் போனால் கழிப்பறைக்கு வழியில்லை, வீடு ராயபுரத்தில் இருந்ததால் நான் சமாளித்தேன்.

செலவு: நாள் கூலி அவருக்கும் மகனுக்கும் தனித்தனி, சாமான் நம்முடையது. கூலி, செம்பு ஆணி, எண்ணெய், பெயின்ட், ஏற்றி இறக்கும் வண்டி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே போயிற்று. அட்வான்ஸ் ரொக்கமாகத்தான் வாங்குவார், ஜிபே மகனுடைய போனில் உண்டு. படகு முழுக்க ஃபைபர் போர்த்தித் தருகிறேன் என்று வேறொருவர் சொன்ன தொகை இதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அது பழைய மரத்தைப் பெட்டிக்குள் போட்டு அழுக விடுகிற வேலை என்று மாமா ஒப்புக்கொள்ளவில்லை, நானும்தான்.

தண்ணீரில் இறக்கிய அன்று பதறாதீர்கள். முதல் ராத்திரி நன்றாகவே வந்தது. மேஸ்திரி ஒரு முறத்தில் மரத்தூளைக் கொண்டுவந்து படகோரமாகத் தண்ணீருக்குள் அமுக்கி விட்டார். கசிகிற இடுக்கு தூளை உறிஞ்சித் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளும், அதற்குள் மரம் உப்பிவிடும். பம்பை பேட்டரியோடு போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் குறைந்தது, வாரக் கடைசியில் பம்ப் ஓடுகிற சத்தமே இல்லை. இப்போது அடியில் நிற்பதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். மரப்படகில் அந்த அளவு ஈரம் இருப்பது நல்லதுதான், முழுக்கக் காய விட்டால் பழைய கதை. சில இடுக்குகளில் புட்டி நூல் கனத்துக்குப் பிதுங்கி நிற்கிறது. அடுத்த முறை கரையேற்றும்போது சுரண்டிவிடுவேன் என்றிருக்கிறார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். போகிறவர்கள் தை, மாசியில் போங்கள், தடைக்காலத்தில் வேண்டாம். ஏராவோரம் எந்த உலோகத்தில் ஆணி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் முதல் நாள் பேச்சு மிச்சம். செம்பு ஆணியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், வேலை பாதியில் நிற்கும்போது அலைவது கஷ்டம். காலையில் மீன் ஏலக் கூட்டம் கலைந்தபிறகு போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், அவரும் டீ குடித்துவிட்டு நல்ல மனநிலையில் இருப்பார். எண்ணெய்த் துணிக்கு மூடி போட்ட ஒரு தகர டப்பா எடுத்துக்கொண்டு போங்கள்.